நெல் பத்தாயத்தை விற்றுவிட்டு வார்ட்ரோப் வாங்கலாமா? ஏழு பேர் இருக்கும் ஓட்டு வீட்டுக்கு யோசனை சொல்லுங்கள்

பாபநாசம் மருமகள்:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது. வீட்டைப் பற்றிச் சொல்லாமல் கேள்வியை மட்டும் கேட்டால் "நல்ல பீரோவாகப் பார்த்து வாங்குங்கள்" என்றுதான் பதில் வரும்.

எங்களுடையது பாபநாசம் பக்கத்துக் கிராமத்தில் நாட்டு ஓடு போட்ட வீடு. வாசலில் திண்ணை, உள்ளே நுழைந்ததும் ரேழி என்கிற நடை, ரேழியைத் தாண்டினால் முற்றமும் கூடமும், கூடத்தை ஒட்டி இரண்டு அறை, பின்னால் சமையல்கட்டு, அப்புறம் கொல்லை. மாமா, அத்தை, நாங்கள் இருவர், ஏழாவது படிக்கும் பெரியவள், இரண்டாவது படிக்கும் சின்னவன், சனி ஞாயிறு திருச்சியிலிருந்து வரும் கொழுந்தனார் என்று ஏழு பேர். வீடு பெரிது, அறைகள் பெரிதில்லை. கட்டியபோது அந்த இரண்டு அறையும் நெல்லும் தேங்காயும் வைக்கத்தானாம். மனிதர்கள் கூடத்திலும் தாழ்வாரத்திலும் பாய் விரித்துப் படுத்தார்கள், ஆளுக்கு ஒரு டிரங்குப் பெட்டி, அதோடு சரி என்கிறார் அத்தை. இப்போது சின்னவன் ஒருவனுக்கே இரண்டு பெட்டி நிறையும்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கள் ரேழியில் என்னென்ன கிடக்கும் என்று சொல்கிறேன். இரண்டு பள்ளிப் பை. சாப்பாட்டுக் கூடை. சேறு ஒட்டிய ஷூ. என் வீட்டுக்காரரின் ஹெல்மெட், வயலுக்குப் போட்டுப்போன சட்டை. மாமாவின் குடை, டார்ச் லைட், காலைப் பேப்பர். பம்புசெட் கொட்டகைச் சாவி, இது தேடும்போது மட்டும் இருக்காது. கூடத்துக்கு வந்தால் ஃபிரிட்ஜின் தலையில் மாமாவின் மாத்திரை அட்டைகள், கல்யாணப் பத்திரிகைகள், கூட்டுறவு சங்கத்து ரசீதுகள், மூன்று சார்ஜர். ஊஞ்சல் பலகையில் மடிக்க வேண்டிய துணி. மடித்தால் வைக்க இடமில்லை என்பதால் குவியலிலிருந்தே எடுத்து உடுத்துகிறார்கள்.

போன வருஷம் சித்திரையில் மூன்று கதவு வைத்த ரெடிமேட் வார்ட்ரோப் ஒன்று வாங்கினோம். படத்தில் அவ்வளவு அழகாக இருந்தது. ஐப்பசி அடைமழை முடிவதற்குள் அடிப்பலகை உப்பி, கீல் கழன்று, கதவு சாய்ந்துவிட்டது. உள்ளே இருந்த என் கல்யாணப் புடவையில் பூசணம். கடையில் கேட்டால் ஈரம் பட்டதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். அன்று ராத்திரி நான் அழுதேன். பணத்துக்காக மட்டும் இல்லை. ஒரு இடமாவது ஒழுங்காக இருக்கும் என்று அவ்வளவு நம்பியிருந்தேன்.

இப்போது பத்தாயத்துக்கு, அதாவது நெல் கொட்டி வைக்கும் பெரிய மரப்பெட்டிக்கு வருகிறேன். கூடத்தின் வடக்குச் சுவரை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஆறடி உயரம், ஐந்தடி அகலம், மூன்றடி ஆழம். பலா மரம் என்கிறார் மாமா. முன்பக்கம் ஒன்பது பலகை, மேலிருந்து காடியில், அதாவது பக்கச் சட்டத்துப் பள்ளத்தில், ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். ஒவ்வொரு பலகையிலும் உளியால் கோடு போட்டு எண் குறித்திருக்கிறது. கீழே நெல் எடுக்க ஒரு சின்னக் கதவு. இருபது மூட்டைக்கு மேல் கொள்ளுமாம். இப்போது நெல் களத்திலிருந்து 40 கிலோ சிப்பமாக நேரே கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடுகிறது. சாப்பாட்டுக்கு என்று எடுத்து வைக்கும் நாலைந்து மூட்டையும் சாக்கிலேயே இருக்கிறது. பத்தாயத்துக்குள் பழைய தலையணைகள், கிழிந்த பாய், ஓடாத ரேடியோ, உடைந்த நடைவண்டி.

பழைய மரச்சாமான் வாங்குகிற ஒருவர் வந்து விலை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதை விற்று அந்த இடத்தில் சுவர் முழுக்க வார்ட்ரோப் அடித்துவிடலாம் என்பது என் வீட்டுக்காரரின் எண்ணம். அத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பொங்கலுக்கு முதல் நாள் பத்தாயத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து ஒரு மரக்கால் புது நெல் போடுவது இந்த வீட்டு வழக்கம். வெறும் பத்தாயத்தில் இன்றைக்கும் அந்த ஒரு மரக்காலைப் போடுகிறார். திருப்பாலைத்துறை கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கல் களஞ்சியம் இருக்கிறதே, 3000 கலம் கொள்ளும் என்பார்கள், அதைப் பார்த்துவிட்டு வந்த அன்று பெரியவள் எங்கள் பத்தாயத்தைக் கட்டிக்கொண்டு "இது அதோட தங்கச்சி" என்றாள். எனக்கும் விற்க மனசு வரவில்லை. அதே சமயம் கூடத்தில் பாதிச் சுவரைச் சும்மா விட்டுவைக்கவும் முடியவில்லை.

விற்கலாமா, வைத்துக்கொண்டு வேறு விதமாகப் பயன்படுத்த முடியுமா? ஓதம் ஏறும் சுவர் உள்ள வீட்டில் எந்த மரம், எந்தப் பலகை நிற்கும்? பிள்ளைகளிடம் தினமும் கத்தாமல் ரேழியைச் சரி செய்வது எப்படி? எனக்கு வீடு பார்க்கவும் அழகாக இருக்க வேண்டும். காலையில் முற்றத்து வெளிச்சம் சிவப்பு சிமெண்ட் தரையில் விழும்போது குறுக்கே ஒன்றும் கிடக்காமல் இருந்தால் அன்று முழுக்க எனக்கு வேலை ஓடும்.

தச்சுவேலை, திருபுவனம்:

விற்காதீர்கள் தங்கச்சி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். வாங்குகிறவர் பத்தாயமாக வைத்துக்கொள்வார் என்று நிச்சயமில்லை. பெரும்பாலும் பலகையைப் பிரித்து மேசையாகவும் கதவாகவும் அடித்துவிடுவார்கள். அந்த அகலத்தில் முற்றிய பலாப் பலகை இன்றைக்கு வாங்க நினைத்தாலும் சுலபத்தில் கிடைக்காது.

உங்கள் வார்ட்ரோப் பார்ட்டிகிள் போர்டு. மரத்தூளைப் பசை போட்டு அழுத்திச் செய்வது. மேலே ஒட்டியிருக்கும் தாள் நன்றாக இருக்கும்வரை தாங்கும். அறுத்த ஓரத்தில் ஈரம் இறங்கிவிட்டால் உப்பும், உப்பினது திரும்ப வற்றாது, திருகு பிடிக்காது. டெல்டாவில் மழைக்காலத்து வீட்டுக்கு அது ஆகாது. பிளைவுட் வாங்கினால் ஓரளவு ஈரம் மட்டும் தாங்கும் எம்.ஆர். தரம் வேண்டாம், கொதிநீரும் தாங்கும் பி.டபிள்யு.பி. கேளுங்கள். பலகையில் ஐ.எஸ். 710 என்று ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு அடித்திருக்கும். கடைக்காரர் வாயால் சொல்வதை எடுத்துக்கொள்ளாமல் முத்திரையைக் கண்ணால் பாருங்கள். 18 மில்லிமீட்டர் பலகையில் தட்டு அடித்தால் மூன்றடிக்கு மேல் தாங்கல் இல்லாமல் விடக் கூடாது, நடுவில் தொய்யும். அறுத்த ஓரம் ஒவ்வொன்றையும் மூட வேண்டும், முதுகுப் பக்கம் உட்பட. நம் ஆட்கள் முதுகை விட்டுவிடுவார்கள், ஓதம் அங்கேதான் ஏறும்.

சுவரைப் பற்றி ஒரு கேள்வி. பழைய சுண்ணாம்புக் காரைச் சுவரின் மேல் புட்டி வைத்துப் பெயின்ட் அடித்தீர்களா? சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விட்டுவிடும். மேலே பெயின்ட் மூடிவிட்டால் ஈரம் உள்ளேயே நின்று சாமான் பக்கம் திரும்பும். எப்படி இருந்தாலும் எந்தச் சாமானையும் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். மூன்று அங்குலம் விடுங்கள். காற்றும் போகும், கரையான் மண் ஏறினால் கண்ணிலும் படும். காலுக்கு அடியில் கடப்பா கல் துண்டு வையுங்கள். தரையிலிருந்து துடைப்பம் போகிற அளவு உயரம் இருக்கட்டும்.

பத்தாயத்துக்கு நான் செய்யச் சொல்வது இது. அதில் ஒரு ஆணிகூட அடிக்க வேண்டாம். ஒன்பது பலகையில் மேல் ஆறையும் உருவிவிடுங்கள், கீழ் மூன்றும் இருக்கட்டும். உருவிய ஆறையும் பரணில் படுக்கையாக அடுக்குங்கள், சாய்த்து வைத்தால் வளைந்துவிடும். உள்ளே தனியாக நிற்கிற மாதிரி ஒரு சட்டம், நாலடி அகலம், இரண்டடி ஆழம், நாலடி என்பதால் தட்டுக்கு அடியில் நடுவே தாங்கல் கட்டை. தட்டுகள் கீழிருந்து மூன்றாவது பலகைக்கு மேலே தொடங்க வேண்டும். இரண்டடி ஆழத்தில் வெறும் தட்டு அடித்தால் பின்னால் இருப்பது பின்னாலேயே கிடக்கும், அதனால் சேனல் போட்டு இழுப்புத் தட்டாக அடிக்கச் சொல்லுங்கள். மீதி ஒரு அடி அகலத்தில் மேலிருந்து கீழ்வரை வெறும் சந்து விடுங்கள். பாய், மடக்குக் கட்டில், கொலுப்படிப் பலகை எல்லாம் அதில் நிமிர்ந்து நிற்கும். முன்னால் இரட்டைக் கதவு போட்டால் பார்க்க நன்றாக இருக்கும். அந்தக் கதவையும் உள்சட்டத்தில் மாட்டலாம். நாளைக்கு உங்கள் பெண்ணோ பையனோ பத்தாயமாகவே வேண்டும் என்றால் சட்டத்தை வெளியே எடுத்துவிட்டுப் பலகையை இறக்கினால் போதும்.

வெளிப்பக்கத்துக்கு வார்னிஷ் வேண்டாம். லின்சீட் ஆயில் தடவித் துணியால் தேயுங்கள். தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். கொல்லையில் விரித்துக் காயவிட்டுப் பிறகு எறியுங்கள்.

பாபநாசம் மருமகள்:

அண்ணா, ரொம்ப நன்றி. ஆமாம், மூன்று வருஷத்துக்கு முன் புட்டி வைத்துப் பெயின்ட் அடித்தோம். வடக்குச் சுவரில்தான் கொப்பளம் கொப்பளமாக வருகிறது. உங்கள் பதிலை மாமாவிடம் படித்துக் காட்டினேன். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

திருவையாறு பாட்டி:

அம்மாடி, நீ எழுதியதை என் பேத்தி படித்துக் காட்டினாள். நான் சொல்லச் சொல்ல அவள்தான் இதைத் தட்டுகிறாள்.

தச்சுவேலைத் தம்பி சொன்னதில் ஒன்று எனக்கு ஒப்பவில்லை. கதவு வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் மூடி வைத்த எதுவும் நாறும். என் மாமியார் வீட்டில் சுவரில் பதித்த அலமாரி ஏழு இருந்தது, இரண்டுக்குத்தான் கதவு. ஒன்றில் பணம் காசு, ஒன்றில் ஊறுகாய் ஜாடி. மற்றதெல்லாம் திறந்தே இருக்கும். திறந்திருந்தால் தூசி படியும், துடைக்கிறோம், அவ்வளவுதானே. மூடி வைத்தால் அங்கே என்ன இருக்கிறது என்பதே மறந்துபோகும். அப்புறம் இருப்பதையே மறுபடி வாங்குவோம்.

நீ எழுதியதில் எனக்கு ஒன்று பட்டது. தினம் புழங்குகிற சாமான், மாதத்தில் ஒரு நாள் எடுக்கிற சாமான், வருஷத்துக்கு ஒரு தடவை இறங்குகிற சாமான் எல்லாம் உன் வீட்டில் ஒரே உயரத்தில் கிடக்கிறது. எங்கள் வீட்டில் பரணுக்கு ஒரு நோட்டு உண்டு. பெட்டிகளுக்கு வெள்ளைப் பெயின்ட்டில் 1 முதல் 14 வரை எண் போட்டிருக்கிறேன். எது எதில் இருக்கிறது என்று நோட்டில் எழுதி, நோட்டைச் சாமி அலமாரியில் வைத்திருக்கிறேன். 1, 2, 3 கொலு பொம்மை, புரட்டாசி அமாவாசைக்கு இறங்கும். 4 கார்த்திகை அகல். 5 பொங்கல் பானையும் பெரிய கரண்டிகளும். 9 வடாம் பிழிகிற சாமான், மாசியில். 11 கைக்குழந்தைத் துணி, தொட்டில் சேலை. யாருக்கு வளைகாப்பு ஆனாலும் 11-ஐ இறக்கு என்றால் போதும், இருட்டில்கூட என் பிள்ளை எடுத்துக் கொடுப்பான். கனமான எதையும் பரணில் ஏற்றாதே. பித்தளைக் குடம், அண்டா எல்லாம் கீழே. புளி போட்டுத் தேய்த்த பின் வெயிலில் சுக்காகக் காயவைத்துப் பழைய வேட்டித் துணியில் சுற்று, துளி ஈரம் இருந்தாலும் களிம்பு ஏறும். ஈயச்சொம்பைத் தனியாக வை, மேலே எதையும் அடுக்காதே, நசுங்கும்.

பட்டுப் புடவைக்குச் சொல்கிறேன், கேட்டுக்கொள். பாலிதீன் உறையில் வைக்காதே. வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிரித்து, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடி. ஒரே மடிப்பில் இருந்தால் சரிகை அங்கேயே ஒடியும். பாச்சை உருண்டை சரிகையில் படக் கூடாது. கைக்குழந்தைத் துணியோடு பாச்சை உருண்டை போடவே போடாதே, சில குழந்தைகளுக்கு ரத்தமே கெட்டுப்போகும் என்று டாக்டர்கள் எச்சரிக்கிறார்கள். அதற்குப் பதில் தஞ்சாவூர் சரசுவதி மகாலில் ஓலைச்சுவடிக்கு வைக்கிறார்களே, அந்த முடிச்சு. வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை இவற்றை இடித்துக் கொஞ்சம் கற்பூரம் சேர்த்து மெல்லிய துணியில் முடிந்து பெட்டி மூலையில் போடு. வாசம் போனதும் மாற்று. அதையும் சின்னவன் கைக்கு எட்டாமல் வை, கற்பூரம் வாயில் போனால் ஆபத்து.

பூசணம் பிடித்த புடவையைத் தண்ணீரில் போட்டுவிடவில்லையே? நன்றாகக் காய்ந்த பின் மெல்லிய பிரஷ்ஷால் வாசலில் வைத்துத் தட்டிவிட்டு, பட்டுக்கு என்று இருக்கிற டிரை கிளீனிங்கில் கொடு.

தச்சுவேலை, திருபுவனம்:

அம்மா சொல்வது சரிதான், நாறும். முழுப் பலகைக் கதவுக்குப் பதில் பிரம்புப் பின்னல் போட்ட கதவு போடலாம். காற்றும் போகும், உள்ளே இருப்பது லேசாகத் தெரியும். சட்டம் மட்டும் மரம், நடுவில் பின்னல்.

மன்னைவாசி:

நான் காகிதங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஃபிரிட்ஜ் தலையில் சங்கத்து ரசீது இருக்கிறது என்று படித்ததும் மனசு கேட்கவில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்தபோது எங்கள் வீட்டு ஓடு பாதி பறந்துவிட்டது. மர பீரோவுக்குள் இருந்த வீட்டுப் பத்திரம், அப்பாவின் சர்வீஸ் புத்தகம், அம்மாவின் கல்யாண ஆல்பம் எல்லாம் மழையில் ஊறிவிட்டன. காகிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, இடையிடையே பேப்பர் வைத்து நிழலில் காயவைத்துப் பிழைக்கவைத்தோம். புகைப்படங்களில் தப்பு செய்தேன். ஒட்டியபடியே காயவிட்டுப் பிறகு உரித்தேன், முகங்கள் கையோடு வந்துவிட்டன. ஈரமாக இருக்கும்போதே நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்திருக்க வேண்டும் என்று பிறகுதான் ஒரு ஸ்டூடியோக்காரர் சொன்னார்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரே ஒரு இரும்பு டிரங்குப் பெட்டி. உள்ளே ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைகள், ஒரு விஷயத்துக்கு ஓர் உறை. நிலம், வீடு, பள்ளிச் சான்றிதழ், மருத்துவம், நகைக்கடன். எடுத்துக்கொண்டு ஓடுகிற அளவுக்குத்தான் பெட்டி, அதற்குமேல் பெரிதாக வைக்கவில்லை. பட்டா சிட்டாவை இணையத்தில் எப்போதும் எடுத்துக்கொள்ளலாம். பத்திரம் தொலைந்தாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம். ஆதார், லைசென்ஸ் டிஜிலாக்கரில் இருக்கட்டும். ஆனால் கையெழுத்துப் போட்ட பழைய பாகப்பிரிவினைக் காகிதம் மாதிரி நம்மிடம் மட்டும் இருப்பதை முதலில் போட்டோ எடுத்து உங்கள் கொழுந்தனாருக்கு அனுப்பி வையுங்கள். திருச்சியில் ஒரு பிரதி இருக்கும்.

கல்யாணப் பத்திரிகைகளுக்கு ஒரு கிளிப். தேதி வரிசையில் மாட்டுங்கள், தேதி முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

சீர்காழி டீச்சர்:

அக்கா, நான் ஒன்றாம் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். முப்பது பிள்ளைகள் பையும் தண்ணீர் பாட்டிலும் வைக்கிற இடத்தைத் தினம் பார்க்கிறவள் என்பதால் சொல்கிறேன். சின்னவனின் பை ரேழியில் கிடக்கிறது என்றால் அவன் கை அங்கேதான் ஓய்கிறது. அதை உள் அறைக்குக் கொண்டுபோய் மாட்டு என்று நூறு தடவை சொன்னாலும் நடக்காது. ரேழியிலேயே இடம் கொடுங்கள். தரையிலிருந்து மூன்றடியில் ஒரு கட்டை, அதில் கொக்கிகள், ஆளுக்கு இரண்டு. பெரியவளுக்கும் மாமாவுக்கும் மேலே இன்னொரு வரிசை. கொக்கி பெரியதாக, வாய் அகலமாக இருக்க வேண்டும். மெல்லிய கொக்கியில் பைக் காதை நுழைக்கச் சின்னப் பிள்ளைகளுக்குப் பொறுமை இருக்காது. மூடி போட்ட பெட்டியும் வேண்டாம், மூடியைத் திறப்பதே அவர்களுக்கு ஒரு வேலை. சாவிக்கு மாடப்பிறை இல்லையா உங்கள் ரேழியில்? பழைய வீட்டில் நிச்சயம் இருக்கும். விளக்கு வைக்காத மாடம் என்றால் ஒரு பித்தளைத் தட்டை வைத்து எல்லாச் சாவியும் அதில் என்று சொல்லிவிடுங்கள்.

பிரம்புக்கு எங்கள் பக்கம் வாருங்கள். சீர்காழியிலிருந்து சிதம்பரம் போகும் வழியில், கொள்ளிடத்துக்கு முன்னால் தைக்கால். சாலை ஓரமெல்லாம் பிரம்புக் கடைகள்தான். அளவு கொடுத்தால் கதவுக்குப் பின்னியும் தருவார்கள், கூடையும் செய்து தருவார்கள். பத்தாயத்துத் தட்டின் அளவை எடுத்துக்கொண்டு போய்க் கூடை சொல்லுங்கள், கூடையை வாங்கிவந்து தட்டில் திணிக்காதீர்கள். எல்லாம் ஒரே நிறத்தில், ஒரே உயரத்தில் இருந்தாலே அழகு வந்துவிடும். உள்ளே சாக்ஸ் எப்படிக் கிடந்தாலும் வெளியே தெரியாது.

இன்னொன்று. ஃபிரிட்ஜின் மேலே சூடு இருக்கும், மாத்திரை அங்கே வேண்டாம். சின்னவன் ஸ்டூல் போட்டு ஏறுகிற வயசு வேறு. மாமாவின் அறையில் உயரமாக, மூடி உள்ள டப்பாவில் வையுங்கள்.

பாபநாசம் மருமகள்:

தை பிறந்து மூன்று நாள் ஆகிறது. ஆவணியில் கேட்ட கேள்விக்கு இப்போதுதான் முழுதாகப் பதில் எழுத முடிகிறது.

பத்தாயம் எங்கேயும் போகவில்லை. மாமாவே கும்பகோணத்திலிருந்து தச்சரைக் கூட்டிவந்து, அண்ணன் எழுதியதை அப்படியே படித்துக் காட்டினார். உள்சட்டம், ஐந்து இழுப்புத் தட்டு, ஓரத்தில் சந்து. முத்திரை பார்த்துத்தான் பலகை வாங்கினோம். பின்பக்கம் மூன்று அங்குலம் விடுவதற்கு ஆறு பேர் சேர்ந்து நகர்த்தினோம். நகர்த்தியபோது சுவரோரம் ஒரு பழைய மரக்கால் கிடைத்தது, அத்தையின் மாமியார் காலத்ததாம். வடக்குச் சுவரில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடித்தோம். இந்த மழைக்குக் கொப்பளம் இல்லை.

கதவுக்கும் கூடைக்கும் தைக்கால் போய்வந்தோம். பாட்டி, நீங்கள் கதவே வேண்டாம் என்றீர்கள். பின்னல் கதவுதான் போட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். கார்த்திகை முழுக்க முகர்ந்து முகர்ந்து பார்த்தேன், வாசனை ஒன்றும் இல்லை. முற்றத்து வெளிச்சம் அந்தப் பின்னலில் விழுந்து உள்ளே தட்டுத் தட்டாகப் புள்ளி விழுவதைக் காலையில் நின்று பார்க்கிறேன். இவ்வளவு அழகான ஒன்று எங்கள் கூடத்தில் இத்தனை வருஷம் நின்றது என்று நினைத்தாலே சந்தோஷமாக இருக்கிறது.

ரேழிக் கொக்கி முதல் நாளிலிருந்தே வேலை செய்தது. சின்னவன் பையை மாட்டிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுகிறான். பெரியவள் ஒரு மாதம் ஆகியும் பையைத் திண்ணையில்தான் போட்டாள், அவளுக்குப் பள்ளி விட்டதும் தோழிகளோடு திண்ணையில் உட்கார வேண்டும். கடைசியில் திண்ணைத் தூணுக்குப் பக்கத்தில் அவளுக்கு மட்டும் ஒரு கொக்கி அடித்துவிட்டோம். மாடத்தில் தட்டு வைத்தாயிற்று, பம்புசெட் சாவி நான்கு மாதமாகத் தொலையவில்லை. பத்திரங்கள் டிரங்குப் பெட்டியில், போட்டோக்கள் கொழுந்தனாரிடம்.

சரியாக வராததையும் சொல்ல வேண்டும். சமையல்கட்டில் இரண்டு பிரம்புக் கூடை வைத்தேன், ஒரே மாதத்தில் பூசணம். அங்கே எவர்சில்வர் டப்பாதான் சரி. மடித்த துணி இன்னும் ஊஞ்சலில்தான் கிடக்கிறது. தட்டுகளை ஆளாளுக்குப் பிரித்தும், துணியை அவரவர் தட்டுக்குக் கொண்டுபோகிற வேலை என் ஒருத்தி தலையில் இருக்கிறது. இதை வீட்டில் பேச வேண்டும். பரண் நோட்டு மட்டும் அத்தை கையில். பாட்டி சொன்ன மாதிரி எண் போட்டு, பதினேழு பெட்டி வரை வந்திருக்கிறது. 17-இல் என்ன என்று கேட்டேன், நடைவண்டியைச் சரி செய்து வைத்திருக்கிறாராம்.

பொங்கலுக்கு முதல் நாள் அத்தை வழக்கம்போலச் சந்தனம் குங்குமம் வைத்தார். கீழ் மூன்று பலகைக்குப் பின்னால் நெல் போட இடம் அப்படியே இருப்பதால் கிடைத்த பழைய மரக்காலாலேயே ஒரு மரக்கால் போட்டார். அப்புறம் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சாப்பாட்டு நெல்லில் இரண்டு மூட்டையை அதிலேயே கொட்டச் சொன்னார். வேப்பிலையும் நொச்சியும் போட்டு வைத்திருக்கிறோம்.

அண்ணா, ஒரே ஒரு சந்தேகம். நெல் கொட்டுவதற்கு முன் உள்ளே துடைக்கலாம் என்று மூன்றாவது பலகையை உருவிப் பார்த்தோம், அசையவில்லை. சின்னக் கதவு வழியாகக் கையை விட்டுத்தான் துடைத்தோம். பலகை ஓரத்தைக் கொஞ்சம் இழைத்துவிடலாமா?

தச்சுவேலை, திருபுவனம்:

இழைக்காதீர்கள் தங்கச்சி. மழை குடித்து மரம் உப்பியிருக்கிறது. இப்போது இழைத்தால் கோடையில் காடியில் ஆடும், சந்து விழுந்து நெல் கசியும். பங்குனி வெயில் வரட்டும், தானாக இளகும். அப்போது உருவி, காடி இரண்டு பக்கமும் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டுத் திரும்ப இறக்குங்கள். எண் குறித்த பக்கம் வெளியே பார்த்து இருக்க வேண்டும்.